சாவி இருந்தும் திறக்காத கதவு: ஒரு ராண்டமைசரின் பொருள் வைப்புப் பிழைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய வீடியோ கேம்களில் எந்தப் பெட்டியில் எந்தப் பொருள் இருக்கும் என்பது நிலையானது. ஒருமுறை ஆடி முடித்தவருக்கு எல்லாம் மனப்பாடம். அந்தப் பொருட்களைக் கலைத்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் புதியதாக்குவதுதான் ராண்டமைசர். கலைப்பது எளிது. கலைத்த பிறகும் ஆட்டத்தை முடிக்க முடியும் என்று உறுதி கொடுப்பதில்தான் வேலை அத்தனையும் இருக்கிறது.

இங்கே பதிவு செய்வது, இரண்டு நண்பர்கள் சொந்த ஆர்வத்தில் பைத்தான் நிரல்மொழியில் எழுதிய ஒரு பொருள் வைப்பு நிரலின் கதை. ஒருவர் நிரலை எழுதினார், மற்றவர் ஆடிப் பார்த்துச் சோதித்தார். நிரலைப் படித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. அவர்கள் எடுத்துக்கொண்டது 1991இல் நின்டெண்டோ வெளியிட்ட ஸெல்டா வரிசை விளையாட்டான 'எ லிங்க் டு தி பாஸ்ட்'. இதற்கு நன்கு தேறிய ராண்டமைசர் ஏற்கெனவே உண்டு. அதன் வழக்கமான அமைப்பில் 216 இடங்களில் பொருட்கள் கலைக்கப்படுகின்றன. இந்த இருவரும் அதை நகலெடுக்கவில்லை. எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ளத் தாங்களே முதலிலிருந்து எழுதினார்கள்.

இந்த விளையாட்டைத் தேர்ந்தது நல்ல முடிவு. இருள் உலகில் மூன் பேர்ல் என்ற முத்து இல்லாமல் நுழைந்தால் நாயகன் முயலாகிவிடுவான், வாளோ கருவியோ எடுக்க முடியாது. இருட்டறைக்கு விளக்கு வேண்டும், சில கோட்டைகளுக்கு நீந்தும் துடுப்பு வேண்டும். ஒவ்வொரு கோட்டைக்கும் தனித்தனிச் சிறு சாவிகள், பெரும்பாலானவற்றுக்கு ஒரு பெரிய சாவி. பொருள் வைப்பில் வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரே விளையாட்டுக்குள் வந்துவிடுகின்றன.

முதல் வடிவமும் அது நின்ற இடமும்

முதல் வடிவம் எல்லாரும் முதலில் எழுதுவதுதான். பொருட்களைக் குலுக்கி 216 இடங்களிலும் போட்டுவிட்டு, முடிக்க முடிகிறதா என்று சரிபார்ப்பது. முடியாவிட்டால் மறுபடி குலுக்குவது. இது ஏன் நெடுநேரம் ஓடியது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு பொருள் தவறான பாதியில் விழாமல் இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று என்று வையுங்கள். அப்படி ஒன்றையொன்று சாராத பத்து நிபந்தனைகள் இருந்தால் 1024இல் ஒரு முறைதான் எல்லாம் சரியாக அமையும். உண்மையான விளையாட்டில் நிபந்தனைகள் அதைவிட அதிகம்.

அடுத்து ஃபார்வர்ட் ஃபில் முறைக்குப் போனார்கள். தொடக்கத்தில் எட்டும் இடங்களைப் பார்த்து, அதில் ஒரு பொருளை வைத்து, அது திறந்துவிடும் புதிய இடங்களில் அடுத்ததை வைத்துக்கொண்டே போகும் முறை இது. முடிக்க முடியாத ஆட்டம் வரவில்லை. ஆனால் வழி திறந்துவிடும் முக்கியப் பொருட்கள் எல்லாம் தொடக்க ஊரைச் சுற்றியே குவிந்தன. திறந்திருக்கும் இடங்கள் குறைவாக இருக்கும்போதே முக்கியப் பொருட்களை வைக்கத் தொடங்குவதால் அப்படித்தான் ஆகும். தூரத்துக் கோட்டைகளில் ரூபாயும் (விளையாட்டுக்குள் புழங்கும் காசு) அம்பும் மட்டுமே மிஞ்சின.

எனவே அஸ்யூம்ட் ஃபில் முறையை எடுத்தார்கள். இது தலைகீழாகச் சிந்திக்கிறது. ஆட்டக்காரர் கையில் எல்லா முக்கியப் பொருட்களும் இருப்பதாக முதலில் வைத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் கையிலிருந்து எடுக்கும். மீதியை வைத்துக்கொண்டு எங்கெல்லாம் போக முடியும் என்று கணக்கிட்டு, அந்த இடங்களில் காலியான ஒன்றில் எடுத்ததை வைக்கும். பிறகு அடுத்த பொருள். எந்தப் பொருளும் தன்னாலேயே பூட்டப்பட்ட இடத்தில் போய் விழாது என்பது இந்த முறையின் அடிப்படையிலேயே இருக்கிறது. பெரிய சாவி, பெரிய சாவி கேட்கும் பெட்டிக்குள்ளேயே விழுவது போன்ற பிழைகள் தாமாக மறைந்தன. இந்த முடிவு சரியானது, இன்றும் அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் முறை சரியாக இருந்தால் நிரலும் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை இருவருக்கும் வந்துவிட்டது. அடுத்து வந்த சிக்கல்கள் எல்லாம் அந்த நம்பிக்கைக்குப் பின்னால்தான் மறைந்திருந்தன.

கவனித்தது ஒன்று: சில சீட்கள் உருவாகவே மறுத்தன

ஒருமுறை குலுக்கி உருவாக்கும் ஆட்டத்தைச் சீட் என்பார்கள். நிரல் அவ்வப்போது ஒரு பொருளுக்கு இடமே இல்லை என்று நின்றது. எழுதியவர் போட்ட உடனடி மருந்து, நின்றால் மறுபடி முதலிலிருந்து ஓடு என்ற ஒரு வளையம். பிழைச் செய்தி காணாமல் போனது. இந்த மருந்தைப் பல நிரல்களில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது நோயை ஆழமாகப் புதைக்கிறது.

மறுமுயற்சிக்கு ஒரு வரம்பு வைத்து, ஒவ்வொரு தோல்வியிலும் எந்தப் பொருள், எந்தக் கோட்டை என்று பதிவு செய்யச் சொன்னேன். பதிவைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. திரும்பத் திரும்ப ஸ்வாம்ப் பேலஸ் என்ற பெயர்தான் வந்தது.

அந்தக் கோட்டையில் கலைக்கப்படும் இடங்கள் 10. பெட்டிக்குள் வரும் சிறு சாவி ஒன்றே ஒன்று. மற்ற சாவிகள் பானைகளுக்கு அடியில் இருக்கின்றன, நிரல் அவற்றைத் தொடுவதில்லை. நுழைவாயில் பெட்டியைத் தாண்டியதும் பூட்டிய கதவு. கோட்டையின் சாவி அந்தக் கோட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த விதி. ஆக, அந்தச் சாவி போகக்கூடிய இடம் உலகத்திலேயே ஒன்றுதான்: நுழைவாயில் பெட்டி. நிரலோ முதலில் முக்கியப் பொருட்களை எல்லாம் வைத்துவிட்டு அப்புறம்தான் கோட்டைச் சாவிகளுக்கு வந்தது. அந்தப் பெட்டியில் ஃபயர் ராட் என்ற நெருப்புக் கோலோ கேடயமோ உட்கார்ந்துவிட்டால் சாவிக்கு இடம் இல்லை.

எடுத்த முடிவு: எதற்கு இடத் தேர்வு குறைவோ அது முதலில். முதலில் கோட்டைச் சாவிகள், அப்போது மற்ற முக்கியப் பொருட்கள் எல்லாம் கையில் இருப்பதாகக் கொள்வது. பிறகு முக்கியப் பொருட்கள். அதற்குப் பின் உதவியாக இருப்பவை. கடைசியில் ரூபாய், அம்பு, குண்டு. கடைசிக் கூட்டத்துக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை, மிச்சமிருக்கும் இடங்களில் கொட்டிவிடலாம். இதைச் செய்ததும் ஸ்வாம்ப் பேலஸ் தோல்விகள் நின்றன, மறுமுயற்சி வளையத்துக்கும் பெரும்பாலும் வேலை இல்லாமல் போனது.

கவனித்தது இரண்டு: சரிபார்த்த ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர்

இந்த ஆய்வை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான். சோதித்தவர் பேலஸ் ஆஃப் டார்க்னஸ் கோட்டையில் நின்றுவிட்டார். நிரல் அந்தச் சீட்டை முடிக்க முடியும் என்று சான்று கொடுத்திருந்தது. ஆடியவரும் தவறு எதுவும் செய்யவில்லை.

அந்தக் கோட்டையில் 14 இடங்கள், 6 சிறு சாவிகள், 6 பூட்டிய கதவுகள். அவருக்கு அதுவரை ஐந்து சாவிகள் கிடைத்திருந்தன. நான்கைச் செலவழித்தாயிற்று, கையில் ஒன்று. எதிரே இரண்டு கதவுகள். ஒன்று ஹார்ம்லெஸ் ஹெல்வே என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் அறைக்குப் போகிறது, அதற்குள் ஒரே ஒரு பெட்டி. மற்றொன்று இருட்டுப் புதிர்ப்பாதைக்குப் போகிறது. அவர் முதல் கதவைத் திறந்தார். உள்ளே ரூபாய். ஆறாவது சாவி புதிர்ப்பாதைக்குள் இருந்தது. புதிர்ப்பாதைக் கதவைத் திறக்க அவரிடம் சாவி இல்லை.

நிரல் ஏன் ஏமாந்தது? புதிர்ப்பாதைக்கான விதி, கிடைத்த சாவிகள் ஐந்துக்குக் குறையாமல் இருந்தால் போகலாம் என்று எழுதப்பட்டிருந்தது. ஹெல்வேக்கும் அதே விதி. ஐந்து சாவி கிடைத்ததும் நிரலின் பார்வையில் இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகின்றன. வாள் போன்ற பொருளுக்கு இது சரி, எத்தனை முறை வீசினாலும் வாள் தீராது. சாவி தீரும். தீரும் பொருளைத் தீராப் பொருள்போல எண்ணியதுதான் பிழை.

இதில் இன்னொரு அடுக்கும் இருந்தது. நிரலின் சரிபார்ப்பான், வைப்பு நிரல் பயன்படுத்திய அதே விதிகளைத்தான் கூப்பிட்டுக் கேட்டது. விதியில் தவறு என்றால் வைப்பதும் தவறு, அதற்குச் சான்று கொடுப்பதும் அதே தவறு. அவர்கள் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு சீட்டும் தேர்ச்சி பெற்றதில் வியப்பே இல்லை.

இரண்டு வழிகள் மேசையில் இருந்தன. முதல் வழி, விதியை மோசமான நிலைக்கு ஏற்ப எழுதுவது: ஆட்டக்காரர் வேறு எத்தனை கதவுகளில் சாவியை வீணாக்கியிருக்கக்கூடுமோ அத்தனையையும் கூட்டி, அதற்கு மேல் ஒன்று கிடைத்த பிறகே இந்தக் கதவு திறக்கும் என்று கணக்கு வைப்பது. அப்படிப் பார்த்தால் புதிர்ப்பாதைக்கு ஆறு சாவியும் வேண்டும். விளக்கும் வேண்டும், அது முன்பே விதியில் இருந்தது. இரண்டாவது வழி, எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்பதையே நிலையாக எடுத்துக்கொண்டு, ஆட்டக்காரர் செய்யக்கூடிய எல்லாத் தேர்வுகளையும் ஆடிப் பார்ப்பது. ஆறு கதவுகளுக்கு அதிகபட்சம் 64 நிலைகள். கணினிக்கு அது ஒன்றுமே இல்லை.

முதல் வழியில் ஒரு இழப்பு உண்டு. இரண்டு கதவுகளுக்குப் பின்னாலும் ஆளுக்கொரு சாவி இருந்தால், எதை முதலில் திறந்தாலும் அடுத்ததற்குச் சாவி கிடைத்துவிடும். உண்மையில் பாதுகாப்பான அந்த அமைப்பை மோசநிலை விதி அனுமதிக்காது. சில நல்ல ஆட்டங்கள் உருவாகாமலே போகும்.

அவர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, வேலையைப் பிரித்தார்கள். வைப்பதற்கு மோசநிலை விதி, சரிபார்ப்பதற்கு எல்லாத் தேர்வுகளையும் ஆடிப் பார்க்கும் முறை. வைப்பு நிரல் பல்லாயிரம் முறை எட்டுமா எட்டாதா என்று கேட்கிறது, அங்கே எளிய விதி வேண்டும். சரிபார்ப்பான் ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் ஓடுகிறது, அங்கே முழுமை வேண்டும். சில நல்ல ஆட்டங்களை இழப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒருவர் மணிக்கணக்கில் ஆடிவிட்டு ஒரு கதவின் முன் மாட்டிக்கொள்வது கெடுதல். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரிபார்ப்பானைப் பழைய விதிக் கோப்பிலிருந்து முழுதாக வெட்டிவிட்டதும் முக்கியம். சோதித்தவர் ஒவ்வொரு கோட்டையையும் நடந்து பார்த்து, கதவுகளின் பட்டியலைத் தனியாகக் கையால் எழுதினார். அதிலிருந்துதான் புதிய சரிபார்ப்பான் படிக்கிறது. கூடவே வேண்டுமென்றே கெடுத்த வைப்புகளையும் சோதனையில் சேர்த்தார்கள். பெரிய சாவியைப் பெரிய பெட்டிக்குள் வைத்தது ஒன்று, சாவியை அதன் கதவுக்குப் பின்னாலேயே வைத்தது இன்னொன்று. இவற்றைச் சரிபார்ப்பான் நிராகரித்தே ஆக வேண்டும். எப்போதும் சரி என்று மட்டும் சொல்லிப் பழகிய சரிபார்ப்பானுக்கு இல்லை என்று சொல்லத் தெரியுமா என்பதை யாராவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

கவனித்தது மூன்று: ஒரே எண், இரண்டு ஆட்டங்கள்

இருவரும் ஒரே சீட் எண்ணை, அதாவது குலுக்கலைத் தொடங்கி வைக்கும் எண்ணை, தத்தம் கணினியில் போட்டுப் போட்டி ஆட நினைத்தார்கள். வெவ்வேறு ஆட்டங்கள் வந்தன.

காரணங்கள் இரண்டு. காலியான இடங்களின் பெயர்கள் பைத்தானின் செட் என்ற, வரிசை இல்லாத தொகுப்பில் வைக்கப்பட்டிருந்தன. பைத்தான் 3.3 முதல் எழுத்துச் சரங்களின் ஹாஷ் மதிப்பு (செட்டுக்குள் எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் எண்) ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும்படி இயல்பாகவே அமைந்திருக்கிறது. அதனால் செட்டில் வரிசை நிலையாக இருக்காது. சீட் எண் ஒன்றானாலும், குலுக்கப்படும் பட்டியல் வேறு வரிசையில் வந்தால் விளைவும் வேறு. இரண்டாவது காரணம், இதயத்தின் நிறம், இசை போன்ற அலங்காரத் தேர்வுகளும் அதே சீரற்ற எண் ஊற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தன. ஒருவர் நிறத்தை மாற்றினாலே பெட்டிகள் மாறின.

மருந்து நேரடியானது. செட்டுக்குப் பதில் வரிசைப்படுத்திய பட்டியல். பொருள் வைப்புக்கு ஒன்று, அலங்காரத்துக்கு ஒன்று என இரண்டு தனி ஊற்றுகள். ஆனாலும் ஒரு ஐயம் மீதி இருந்தது. பைத்தான் பதிப்பு மாறினாலும் அடிப்படை சீரற்ற எண் வரிசை மாறாது என்று அந்த மொழி உறுதி தருகிறது. குலுக்கும் செயல்பாடுகளுக்கு அந்த உறுதி இல்லை. அதனால் போட்டிக்கு எண்ணைப் பகிர்வதை விட்டுவிட்டு, ஒருமுறை உருவாக்கிய வைப்புக் கோப்பையே பகிர்வது என்று முடிவெடுத்தார்கள்.

கவனித்தது நான்கு: யாரும் புகார் செய்யாத பிழை

எல்லா ஆட்டங்களும் முடிந்தன, யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சோதித்தவர் ஒரு விஷயம் சொன்னார்: தூரத்து இடங்களுக்குப் போகவே தேவைப்படுவதில்லை, பக்கத்திலேயே எல்லாம் கிடைத்துவிடுகிறது. ஃபார்வர்ட் ஃபில்லை விட்டு வந்ததே இதற்காகத்தான்.

நிறையச் சீட்களை உருவாக்கி, ஒவ்வொரு இடத்திலும் முக்கியப் பொருள் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணச் சொன்னேன். சாய்வு கண்ணுக்கே தெரிந்தது. நிரலைப் படித்தபோது காரணம் கிடைத்தது. எங்கெல்லாம் போக முடியும் என்று கணக்கிடும்போது, கையில் இருப்பதாகக் கொண்ட பொருட்களை மட்டுமே பார்த்தது. ஏற்கெனவே வைத்த பொருட்களில் எட்டும் இடங்களில் இருப்பவற்றைச் சேகரித்துக்கொண்டு மேலே போகும் படி விடுபட்டிருந்தது.

அந்தப் படி இல்லாமலும் வைப்பு பாதுகாப்பானதுதான், ஏனென்றால் எட்டும் எல்லையைக் குறைவாகத்தான் மதிப்பிடுகிறது. ஆனால் கடைசிப் பொருளை வைக்கும்போது கையில் எதுவும் இருக்காது. ஆகவே அது தொடக்கத்தில் திறந்திருக்கும் இடங்களில் மட்டுமே விழும். அதற்கு முந்தையது, அந்த ஒரு பொருள் திறப்பதற்குள் மட்டும். இப்படிப் பின்னால் வைக்கப்படும் பொருட்கள் எல்லாம் வாசலருகே நெருக்கியடித்தன. எந்தச் சரிபார்ப்பானும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் முடிக்க முடியாத ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

திருத்தியபோது ஒரு கவனம் தேவைப்பட்டது. சேகரிப்பை ஒரே சுற்றில் முடித்தால் போதாது. ஒரு சுற்றில் கிடைத்த பொருள் முன்பு மூடியிருந்த இடத்தைத் திறக்கலாம், அங்கிருப்பது இன்னொன்றைத் திறக்கலாம். புதிதாக எதுவும் கிடைக்காமல் போகும்வரை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

என்ன நடந்தது

சாய்வு வெகுவாகக் குறைந்தது. முழுச் சமநிலை வரவில்லை, அதை அவர்கள் இலக்காக வைக்கவும் இல்லை. ஆட்டத்தில் சேர்க்க வேண்டிய ஏழு படிகங்களும் இருந்தால்தான் திறக்கும் கேனன்ஸ் டவர் என்ற கோபுரத்தில் முக்கியப் பொருள் விழுந்தால், பல நேரம் அது கைக்கு வரும்போது அதற்கு வேலை இருப்பதில்லை. அதனால் அந்தக் கோபுரத்தின் சில இடங்களை முன்கூட்டியே சாதாரணப் பொருட்களால் நிரப்பினார்கள். இது கணித முடிவு இல்லை, ஆடுபவரின் நேரத்தை மதித்து எடுத்த முடிவு.

புதிய சரிபார்ப்பான் வந்த பிறகு, பேலஸ் ஆஃப் டார்க்னஸில் மாட்டிக்கொண்ட அந்தப் பழைய சீட்டை அதனிடம் கொடுத்தார்கள். நிராகரித்தது. எந்தக் கதவை எந்த வரிசையில் திறந்தால் மாட்டிக்கொள்வார் என்பதையும் காட்டியது. அந்தச் சீட் இப்போது நிரந்தரமாகச் சோதனைத் தொகுப்பில் இருக்கிறது.

முடிக்க முடிந்தால் போதுமா, எல்லா இடங்களையும் எட்ட முடிய வேண்டுமா என்ற கேள்வி இடையில் வந்தது. இரண்டாவதை இயல்பான அமைப்பாக வைத்தார்கள். புதியவர் ஒரு பெட்டியை எட்ட முடியாமல் போனால் நிரல் உடைந்துவிட்டது என்றுதான் நினைப்பார், அப்படி நினைப்பது நியாயமும்கூட. முதல் அமைப்பு, விரும்புபவர் தேர்ந்துகொள்ளும் விருப்பமாக நிற்கிறது.

அடுத்த முறை மாற்றுவது

எழுதியவர் இன்னொரு விளையாட்டுக்கு இதே வேலையைத் தொடங்கப்போகிறார். அவருடன் பேசி வைத்திருக்கும் வரிசை வேறு. முதலில் சரிபார்ப்பான், அதற்குக் கெட்ட வைப்புகளின் தொகுப்பு, அதன் பிறகே வைப்பு நிரல். பொருட்களின் பட்டியலை எழுதும்போதே எது தீரும், எது தீராது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறிக்க வேண்டும். சாவி மட்டும் இல்லை, கடையில் கொடுக்கும் காசும் தீரும். இந்த விளையாட்டில் ஸோராக்களின் அரசன் ஒரு பொருளுக்கு 500 ரூபாய் கேட்கிறான், அதற்கான கணக்கு இன்றும் விதியில் இல்லை. காசை எதிரிகளிடமும் புதர்களிலும் மறுபடி சேர்க்கலாம் என்பதால் ஆட்டம் நின்றுவிடாது. காசு திரும்பக் கிடைக்காத விளையாட்டில் அது நிற்கும்.

இடவாரியான எண்ணிக்கையை முதல் நாளிலிருந்தே ஓட்ட வேண்டும் என்பது என் தனிப்பட்ட வற்புறுத்தல். தோல்வி கொடுக்காத பிழையைப் பிடிக்க இங்கே உதவியது அது மட்டும்தான். இந்த விளையாட்டின் மற்றக் கோட்டைகளுக்கும் கையால் எழுதிய கதவுப் பட்டியல் தயாராகிவிட்டது. அதை வேறொருவர் நடந்து பார்த்துச் சரிபார்ப்பது இன்னும் பாக்கி.